மாடுல் 0.8 கியர் கட்டர் செட்: எட்டையும் வாங்கணுமா?

நாலு ஸ்ட்ரோக் மாடல் இன்ஜின் பண்றவங்க சிலிண்டர், பிஸ்டன், ஃப்ளைவீல் வரைக்கும் ஜம்முனு வந்துருவாங்க, அப்புறம் டைமிங் கியர்ல வந்து நிப்பாங்க. கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் (வால்வைத் திறந்து மூடுற ஷாஃப்ட்) ஒரு சுத்து, அவ்ளோதான் மேட்டரு, 20 பல்லு ஒண்ணு 40 பல்லு ஒண்ணு போதும், ஆனா அந்த சைஸ்ல ரெடிமேடா கடைல கேட்டா கிடைக்காது. கோயம்புத்தூர்ல கியர் வெட்டுற பட்டறைக்கா பஞ்சம், கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனா எத்தனையோ இருக்கு, ஆனா அவங்க கைல ஓடுறது எல்லாம் மில்லு மிஷின், பம்பு, கிரைண்டர்னு பெரிய பல்லு. சின்ன மாடுலுக்கு (மாடுல்ங்கறது பல்லோட சைஸ், மிமீ கணக்குல) ஹாப், அதாவது ஹாபிங் மிஷின்ல பல்லு வெட்டுற ஸ்க்ரூ மாதிரி கட்டர், இருக்காது, இருந்தாலும் "தம்பி, ரெண்டு பீஸுக்கெல்லாம் செட்டிங் போட்டா கட்டுபடியாகாதுங்க"ன்னு அனுப்பிருவாங்க. தப்பு சொல்ல முடியாது, ஹாபிங் மிஷின்ல சேஞ்ச் கியர் மாத்தி செட் பண்ற நேரத்துக்கு ரெண்டு பீஸ் கூலி எந்த மூலைக்கு.

அதான் ஆன்லைன்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) இன்வால்யூட் கட்டர் செட்டு வாங்குனேன், மில்லிங் மிஷின்ல மாட்டி ஒவ்வொரு பல் இடைவெளியா வெட்டுறது, இன்வால்யூட்ங்கறது கியர் பல்லோட வளைவு. மாடுல் 0.8, 20 டிகிரி (பிரஷர் ஆங்கிள்), எட்டு பீஸ். பிராண்டுன்னு எதுவும் கிடையாது, மரப்பெட்டில எண்ணெய் தடவி வந்துச்சு.

மொதல்ல ஏன் 0.8? இன்ஜின் டிராயிங்ல 32 டிபின்னு (டயமெட்ரல் பிட்ச், பல்லு சைஸுக்கு இன்ச் கணக்கு) போட்டிருந்தது. பழைய இங்கிலீஷ்காரன் டிராயிங் எல்லாம் டிபிலதான் இருக்கும், அதை மாடுலா மாத்த 25.4-ஐ டிபியால வகுக்கணும், 32க்கு 0.794 வருது. நமக்கு ஈஸியா கிடைக்கிறது 0.8. 20-40 ஜோடிக்கு ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல 32 டிபில 23.81 மிமீ, 0.8ல நேரா 24 மிமீ. அதனால கேம் ஷாஃப்ட் ஓட்டையை 0.19 மிமீ தள்ளிப் போட்டா முடிஞ்சுது, பிரேம் வெட்டுறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிரணும். ஆனா ஒரு கியர் டிபி ஒரு கியர் மாடுல்னு மட்டும் கலக்காதீங்க, பக்கத்துல வெச்சு பாத்தா ஒண்ணு மாதிரிதான் தெரியும், சுத்துனா கடகடன்னு கத்தும்.

இப்ப கட்டருக்கு வருவோம். பல்லோட வளைவு பல் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும், அதனாலதான் ஒரு மாடுலுக்கு எட்டு கட்டர். 17ல இருந்து 20 பல்லுக்கு ஒரு கட்டர், 35ல இருந்து 54க்கு ஒண்ணு, இப்படி. இதுல ஒரு கூத்து இருக்கு. டிபி கட்டர்ல நம்பர் 8தான் சின்னது, 12-13 பல்லுக்கு, நம்பர் 1 வந்து 135ல இருந்து ரேக் (நேர் பட்டைல வெட்டுன பல்லு) வரைக்கும். மாடுல் கட்டர்ல பெரும்பாலும் அப்படியே தலைகீழ், நம்பர் 1தான் 12-13. நம்ம 20 பல்லுக்கு ஒரு கணக்குல 6, இன்னொரு கணக்குல 3. 40 பல்லுக்கு அதே 3, அதே 6, இடம் மாறி! ஆக 3, 6 ரெண்டையும் வாங்கிட்டா எந்த கணக்கா இருந்தாலும் நம்ம வேலை நடக்கும், எது எதுக்குங்கறதை மட்டும் கட்டர் மேல பொறிச்சிருக்கிற பல் எண்ணிக்கையைப் படிச்சு பாத்துக்கணும். என் செட்டுல ரெண்டு கட்டர்ல அந்த எழுத்து மங்கி, வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாதான் தெரிஞ்சுது. எட்டுல மிச்சம் ஆறு இன்னும் பெட்டியை விட்டு வெளிய வரல. ஆக தலைப்புல கேட்ட கேள்விக்கு என் பதில்: வேணாம், தனியா விக்கிறவங்க கிட்ட ரெண்டு மட்டும் வாங்குங்க.

வெட்டுறது எப்படி இருந்துச்சுன்னா, பித்தளைல வெண்ணெய். 40 பல்லு பிளாங்க் (பல்லு வெட்டாத வட்டு) வெளி விட்டம் 33.6 மிமீ, பல் ஆழம் 1.8, ஒரே பாஸ்ல எடுத்தேன், பிசிறு லேசா வந்துச்சு, பிரஷ் போட்டா போயிருச்சு. 20 பல்லு ஈஎன்8 ஸ்டீல்ல, விட்டம் 17.6, ரெண்டு பாஸா, 200 ஆர்பிஎம் பக்கம், எண்ணெய் விட்டு விட்டு. ஸ்டீல்ல வெட்டும்போது டக் டக்னு ஒரு சத்தம், கட்டர்ல ஒரு பக்கத்து பல்லுங்க மட்டும்தான் வேலை செய்யுது, கட்டர் ஓட்டை 16 மிமீ ஆர்பர்ல (கட்டரை மாட்டுற தண்டு) கொஞ்சம் லூசு. இந்த ரேட்டுல இது எதிர்பாக்கறதுதான், வேலை கெடல, மெதுவா போகணும் அவ்ளோதான். ஒரு கட்டர்ல கீவே (உள் ஓட்டைல கீ உக்கார்ற காடி) ஓரத்துல பிசிறு இருந்துச்சு, ஆயில் ஸ்டோன்ல தேச்சு விட்டேன்.

யாரும் சொல்லாத செலவு ஒண்ணு இருக்கு. கட்டரை மாட்ட ஆர்பர் வேணும், அப்புறம் டிவைடிங் ஹெட், அதாவது பிளாங்கை ஒவ்வொரு பல்லுக்கும் சரியான அளவு திருப்புற கருவி. 40க்கு 1 ஹெட் (கைப்பிடி 40 சுத்துனா பிளாங்க் ஒரு சுத்து) இருந்தா நீங்க ராஜா, 20 பல்லுக்கு கைப்பிடி ரெண்டு சுத்து, 40 பல்லுக்கு ஒரு சுத்து, பிளேட்டே தேவையில்ல. சின்ன ரோட்டரி டேபிள் 72க்கு 1ன்னா 15 ஓட்டை பிளேட் போட்டு 20 பல்லுக்கு 3 சுத்து 9 ஓட்டை, 40 பல்லுக்கு 1 சுத்து 12 ஓட்டை. கட்டர் நடு சரியா பிளாங்க் நடுவுக்கு வரணும், இல்லன்னா பல்லு எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும், கியர் சுத்தும் ஆனா ஒரு பக்கம் சுத்துனா ஒரு சத்தம் இன்னொரு பக்கம் ஒரு சத்தம்.

வெட்டி முடிச்சதும் செக் பண்ண பெரிய கருவி எதுவும் வேணாம், வெர்னியர் போதும். 20 பல்லுல 3 பல்லை சேத்து பிடிச்சா கணக்குக்கு 6.13 மிமீ வரணும், 40ல 5 பல்லுக்கு 11.08. பேக்லாஷுக்காக (பல்லுக்கு நடுவுல விடுற சின்ன இடைவெளி) அதைவிட 0.02, 0.03 மிமீ குறைவா இருந்தா நல்லது. எனக்கு சின்னது 6.10, பெரியது 11.05. பிரேம்ல மாட்டி கையால சுத்துனப்ப எங்கயும் பிடிக்கல.

சரி, வேற வழி இல்லையா? இருக்கு, ஒரே ஒரு இன்ஜின்தான் பண்ணப் போறீங்கன்னா உண்மைல அதுதான் பெட்டர். டை பண்ற பட்டறைங்க கிட்ட ஒயர் கட்டிங் மிஷின் (மெல்லிய ஒயர்ல கரண்ட் பொறியால வெட்டுறது) இருக்கும், கம்ப்யூட்டர்ல போட்ட கேட் (CAD) டிராயிங் கொடுத்தா 0.25 மிமீ ஒயர்ல ஒரு பீஸ்னாலும் வெட்டித் தருவாங்க, காசு வெட்டுற பரப்பை வெச்சுதான். சரியா அந்த பல் எண்ணிக்கைக்கே வளைவு வரும், கட்டர் மாதிரி 35ல இருந்து 54 வரைக்கும் ஒரே வளைவுன்னு சமாளிக்கிற வேலை இல்ல. அதைவிட முக்கியம், நடு ஓட்டையும் பல்லும் ஒரே செட்டிங்ல வெட்டுறதால ஆட்டமே இருக்காது. டிராயிங்ல பேக்லாஷை மட்டும் மறக்காம விட்டுக் கொடுங்க.

உக்கடம் பழைய இரும்புக் கடைல உடைஞ்ச பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின் கியரும் கிடைக்கும். வெளி விட்டத்தை, பல் எண்ணிக்கையோட ரெண்டு கூட்டி அதால வகுத்தா மாடுல் தெரிஞ்சிரும், 25.6 மிமீ, 30 பல்லுன்னா 0.8. நிறைய ஹெலிகலா (சாய்வுப் பல்லா) இருக்கும், நேர் பல்லு தேடணும், பிளாஸ்டிக் வேற. ட்ரையலுக்கு ஓகே.

அடுத்த இன்ஜினுக்கும் இதே ரெண்டு கட்டர்தான் எனக்கு. மழுங்குனாலும் கவலை இல்ல, பல்லோட முன் முகத்தை மட்டும் நேரா கிரைண்ட் பண்ணா வளைவு மாறாது, ஆனா பக்கவாட்டுல கல்லு வெச்சா கட்டர் காலி. வாங்கறவங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி விக்கிறவங்க கிட்ட மூணு கேளுங்க: 20 டிகிரியா 14.5ஆ, உள் ஓட்டை எத்தனை மிமீ, எழுத்து தெரியற மாதிரி ஒரு போட்டோ. போட்டோ அனுப்ப யோசிக்கிற ஆளா இருந்தா வேற கடை பாத்துக்கோங்க.