கானா தாளத்தை நாமே எழுத: மோட்எக்ஸா, குரோமா?

வடசென்னையில் கச்சேரிக்கு வாசிக்கிறவர்களுக்கு, கீபோர்டில் கம்பெனி போட்டுத் தரும் ரிதம் பாதிதான் உதவும். டிஸ்கோ, ராக், லத்தீன் எல்லாம் வரிசையாக இருக்கும். டோலக்கும், டேப், சட்டி என்ற கொட்டுகளும் சேர்ந்து ஓடும் நம்ம ஊர் 6/8 (ஆறு எண்ணிக்கைத் தாளம்) மட்டும் இருக்காது. அதை நாமேதான் எழுத வேண்டும். இதற்காகவே ஒரு கோர்க் குரோம் 61-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும் முன்னால், நண்பருடைய யமஹா மோட்எக்ஸ் 6-ஐ மூன்று வாரம் வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்தேன்.

இரண்டிலும் 61 கீ, 7 அங்குலத் தொடுதிரை. எடை குரோம் 7.2 கிலோ, மோட்எக்ஸ் 6.6; பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு போக இரண்டும் ஒன்றுதான். சவுண்டில் மோட்எக்ஸ் ஒரு படி மேல், அதில் சந்தேகமே இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: எழுதி முடித்த பேட்டர்னில் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டில்) ஒரே ஒரு அடியைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது?

மோட்எக்ஸில் முதலில் கையால் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும், பிறகு அதை ஆர்ப்பெஜியோவாக, அதாவது கீயை அழுத்தினால் தானாக ஓடும் வரிசையாக, மாற்ற வேண்டும். மாற்றும்போது 'ஃபிக்ஸ்டு' என்று கொடுத்தால் எந்தக் கீயை அழுத்தினாலும் அதே தாளம் ஓடும். டிரம்முக்கு அதுதான் சரி. ஒரு பேட்டர்னில் 16 வெவ்வேறு நோட் வரை போகலாம். கை எப்படி அடித்ததோ அந்தத் தளர்வும் இழுப்பும் அப்படியே நிற்கும், கேட்க அவ்வளவு சுகம். ஆனால் மாற்றிய பிறகு அதற்குள் கை வைக்க முடியாது. ஒரு அடி பிடிக்கவில்லை என்றால் மூலப் பதிவுக்குப் போய், அங்கே சரிசெய்து, மறுபடி மாற்ற வேண்டும்.

குரோமில் ஆர்ப்பெஜியோ என்பதே ஒரு கட்டம்: நேரத்துக்கு 48 ஸ்டெப், ஒலிக்கு 12 டோன். 'ஃபிக்ஸ்டு நோட்' போட்டுவிட்டு ஒவ்வொரு டோனுக்கும் ஒரு டிரம் ஒலியைக் கொடுத்தால் போதும். 6/8-க்கு ஒரு சுற்று 12 ஸ்டெப் என்று வைத்தால், 48-ல் நான்கு சுற்று கச்சிதமாக உட்காரும். இதைக் கண்டுபிடித்த அன்றே என் மனம் குரோம் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆடி மாதம், வியாசர்பாடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா. மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பாடகர் வந்தார். "தம்பி, ரெண்டாவது சுத்துல வர்ற அந்தத் தொம் என் வார்த்தை மேல விழுதுப்பா." "சரிண்ணா, இதோ." இரண்டாவது சுற்று என்றால் 13 முதல் 24 வரை. 21-ல் இருந்த தொம்மை எடுத்து 22-ல் வைத்தேன், வெலாசிட்டியை, அதாவது அடியின் அழுத்தத்தை, 60-க்கு இறக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் ஒரு முறை பாடிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. வெலாசிட்டியை ஸ்டெப் ஸ்டெப்பாக ஏற்றி இறக்காவிட்டால் குரோம் தாளம் மிஷின் போலத்தான் ஒலிக்கும். திருத்தியதை உடனே 'ரைட்' கொடுத்துச் சேமித்து வைக்க வேண்டும். ஒரு முறை ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் போய், அரை மணி நேர வேலை காணாமல் போனது. குரோமில் பல ஒலிகளைச் சேர்த்து வைக்கும் காம்பினேஷனில் இரண்டு ஆர்ப்பெஜியோதான் சேர்ந்து ஓடும், மோட்எக்ஸில் எட்டு. எல்லாவற்றையும் விட, குரோமில் வெளியிலிருந்து சாம்பிள் (பதிந்த ஒலி) ஏற்ற முடியாது. மோட்எக்ஸில் அதற்கு 1 ஜிபி இடம் உண்டு, நிஜச் சட்டியின் ஒலியையே பதிந்து போடலாம். எங்கள் குழுவில் சட்டி அடிக்க ஆள் இருப்பதால் எனக்கு அது இடிக்கவில்லை. தனியாக வாசிக்கிறவர், பெரும்பாலும் வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவர் என்றால் மோட்எக்ஸ்தான் வாங்குங்கள் என்பேன்.

மோட்எக்ஸுக்கு அப்டேட்டில் வந்த பேட்டர்ன் சீக்வென்சர் (தாளத் துண்டுகளைப் பதிந்து அடுக்கும் வசதி) இந்தத் திருத்தும் வேலையைக் கொஞ்சம் எளிதாக்கலாம். நான் அதை இரண்டு மாலைதான் தொட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. குரோமைப் பற்றி மட்டும் அடித்துச் சொல்வேன். வாங்குகிறவர்கள், எழுதிய தாளங்களைப் பிரதி எடுத்து வைக்க, கூடவே இரண்டு எஸ்டி கார்டு வாங்கிவிடுங்கள், ஒன்று கீபோர்டில், இன்னொன்று வீட்டுப் பீரோவில்.