செட், செட் லோக்கல், ஆல்டர் ரோல்: போஸ்ட்கிரெஸ் செட்டிங்கை எங்கே வைப்பது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் ஒரே செட்டிங்கை ஏழெட்டு இடங்களில் எழுதலாம். ஒரு கட்டளை அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று சொல்லும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்ஃபிக் கோப்பில் வைக்கலாம். ஆல்டர் சிஸ்டம் கொடுக்கலாம். டேட்டாபேஸுக்கு வைக்கலாம், யூசருக்கு வைக்கலாம், குறிப்பிட்ட டேட்டாபேஸுக்குள் வரும் குறிப்பிட்ட யூசருக்கு மட்டும் வைக்கலாம். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் சொருகலாம். உள்ளே வந்தபின் செட் போடலாம், ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பான ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்கு மட்டும் செட் லோக்கல் போடலாம். எட்டும் வேலை செய்யும். அதனால்தான் ஆளுக்கு ஓர் இடத்தில் எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து "இந்த 30 செகண்ட் எங்கிருந்து வந்தது?" என்று எல்லோரும் சேர்ந்து தேடுகிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்ளிகேஷன் கோடுக்குள் வெறும் செட் இருக்கவே கூடாது. நிரந்தரமானதெல்லாம் ரோலுக்கு (போஸ்ட்கிரெஸில் யூசரும் ஒரு ரோல்தான்) போகட்டும், ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் மாறுவது செட் லோக்கலுக்குப் போகட்டும். போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் கையால் தட்டும்போது மட்டும் செட் சரி.

செட்டா, செட் லோக்கலா

செட் போட்டால் செஷன், அதாவது அந்தக் கனெக்‌ஷன், முடியும்வரை நிற்கும். செட் லோக்கல், கமிட்டோ (உறுதிசெய்தல்) ரோல்பேக்கோ (ரத்துசெய்தல்) வந்ததும் போய்விடும். டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே செட் லோக்கல் போட்டால் ஒரு வார்னிங் வரும், வேறு ஒன்றும் நடக்காது. பலர் கவனிக்காத இன்னொன்று: டிரான்ஸாக்‌ஷனுக்குள் வெறும் செட் போட்டு, அந்த டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனால், அந்த செட்டும் சேர்ந்தே ரத்தாகிவிடும்.

இவ்வளவுதான் என்றால் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். சில சர்வர் கனெக்‌ஷன்களைப் பல கிளையன்டுகளுக்குப் பகிர்ந்து தரும் பூலர் நடுவில் வரும்போதுதான் தகராறு தொடங்குகிறது. அப்படி ஒரு பூலரான பிஜிபவுன்சரை டிரான்ஸாக்‌ஷன் மோடில் ஓட்டினால், ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் சர்வர் கனெக்‌ஷன் கைமாறும். நீங்கள் 'என் செஷன்' என்று நினைப்பது உங்களுடையதே அல்ல. ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டை 0 ஆக்கிவிட்டுப் போகிறது. அடுத்து அதே கனெக்‌ஷனில் வந்து உட்காரும் வெப் ரிக்வெஸ்டுக்கு டைம்அவுட் என்பதே கிடையாது. கனெக்‌ஷனைத் திருப்பித் தரும்போது துடைத்துக் கொடுக்க பிஜிபவுன்சரிடம் டிஸ்கார்ட் ஆல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இயல்பாக அது, கிளையன்ட் விலகும்வரை கனெக்‌ஷன் அவரிடமே இருக்கும் செஷன் மோடில் மட்டும்தான் ஓடும்.

கிளையன்ட் என்கோடிங், டேட்ஸ்டைல், டைம்ஸோன், அப்ளிகேஷன்_நேம் போன்ற சிலவற்றை பிஜிபவுன்சர் கிளையன்ட் வாரியாக நினைவில் வைத்திருந்து, கனெக்‌ஷன் கைமாறும்போது சரிசெய்துவிடும். 2023-இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து இந்தப் பட்டியலை நாமே நீட்டவும் முடியும். ஆனால் மதிப்பு மாறியதைச் சர்வர் தானாகவே கிளையன்டுக்கு அறிவிக்கும் பாராமீட்டர்களுக்குத்தான் அது பலிக்கும். டேபிளை எந்த ஸ்கீமாவில் (டேபிள் தொகுப்பில்) தேடுவது என்று சொல்லும், பலருக்கும் தேவைப்படும் சர்ச்_பாத் அந்த வரிசையில் சேர்ந்தது போஸ்ட்கிரெஸ் 18-இல்தான்.

சர்ச்_பாத் கசிவு கற்பனை அல்ல. 2018-இல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, டேட்டாபேஸை நகலெடுத்துத் தரும் பிஜி_டம்ப் தன் வேலையைத் தொடங்கும்போதே சர்ச்_பாத்தைக் காலியாக்கிவிடும். அது எடுத்துத் தரும் கோப்பின் தலையிலும் அதே வரி உண்டு. டிரான்ஸாக்‌ஷன் மோடில் இருக்கும் பூலர் வழியாக டம்ப் எடுத்தால், அந்தக் கனெக்‌ஷனை அடுத்துப் பிடிக்கும் அப்ளிகேஷனுக்கு 'அப்படி ஒரு டேபிளே இல்லை' என்ற பதில் வரலாம். டேபிள் அங்கேயேதான் இருக்கும். டம்ப் வேலைக்கு பூலரைத் தாண்டி நேராக போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்குப் போவதே நல்லது.

இதைவிட ஆபத்தான இடம் மல்டி டெனன்ட் அப்ளிகேஷன், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிரும் அப்ளிகேஷன். யாருக்கு எந்த வரிசை தெரியலாம் என்று கட்டுப்படுத்தும் ரோ லெவல் செக்யூரிட்டி வைத்து, ஆப்.டெனன்ட்_ஐடி என்று ஒரு சொந்தப் பாராமீட்டரில் வாடிக்கையாளர் எண்ணை வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இங்கே வெறும் செட் போட்டு அது கசிந்தால், ஒருவருடைய பில் இன்னொருவர் திரையில் தெரியும். டைம்அவுட் கசிந்தால் சர்வர் மெதுவாகும், அவ்வளவுதான். இது கசிந்தால் பதில் சொல்ல வக்கீல் தேவைப்படும். ஆகவே செட் லோக்கல் தவிர வேறு பேச்சே இல்லை. செட் கட்டளை பைண்ட் பாராமீட்டரை (கட்டளையிலிருந்து தனியாக அனுப்பும் மதிப்பை) ஏற்காது என்பதால், கோடில் செட்_கன்ஃபிக் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, மூன்றாவது ஆர்கியுமென்டை ட்ரூ என்று கொடுப்பதுதான் ஒழுங்கான வழி. ஸ்ட்ரிங்கை ஒட்டிக் கட்டளை தயாரிக்கும் வேலையும் மிச்சம்.

அதிலும் ஒரு முள் இருக்கிறது. சொந்தப் பாராமீட்டரை லோக்கலாக வைத்து டிரான்ஸாக்‌ஷன் முடிந்தபின், அதே கனெக்‌ஷனில் கரன்ட்_செட்டிங் கேட்டால், 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) வராது, வெற்று ஸ்ட்ரிங் வரும். ரோ லெவல் செக்யூரிட்டி பாலிசியில் அதை நேராக இன்டிஜராக மாற்றியிருந்தால் எரர். புதுக் கனெக்‌ஷனில் ஓடுகிறது, பழைய கனெக்‌ஷனில் உடைகிறது என்று தலையைப் பிய்க்க வைக்கும். நல்இஃப் ஃபங்ஷனைப் போட்டு வெற்று ஸ்ட்ரிங்கை 'நல்' ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

ஆல்டர் ரோலா, ஆல்டர் டேட்டாபேஸா

இரண்டும் லாகின் நேரத்தில்தான் படிக்கப்படும். மோதினால் டேட்டாபேஸை ரோல் வெல்லும், 'இந்த டேட்டாபேஸில் இந்த ரோல்' என்று குறித்து எழுதியது இரண்டையும் வெல்லும். நான் ரோல் பக்கம். டைம்அவுட் எவ்வளவு என்பது டேட்டாவின் குணமல்ல, அதைக் கேட்க வரும் வேலையின் குணம். வெப் அப்ளிகேஷனுக்கு 5 செகண்ட், ரிப்போர்ட்டுக்கு 10 நிமிடம், மைக்ரேஷனுக்கு (டேபிள் அமைப்பை மாற்றும் வேலைக்கு) நீண்ட ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டும் ரொம்பக் குறைந்த லாக்_டைம்அவுட்டும் (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு). எல்லோரும் ஒரே யூசரில் நுழையும் இடத்தில் இதைச் செய்ய முடியாது. அதனால் முதலில் யூசர்களைப் பிரியுங்கள். டைம்ஸோன், சர்ச்_பாத் மாதிரி யார் வந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டியவற்றுக்கு டேட்டாபேஸ் அளவு பொருந்தும்.

ரோல் வழியில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செட் ரோல் போட்டு மாறினால் அந்த ரோலின் செட்டிங் கூடவே வராது. குரூப் ரோலுக்கு வைத்தது உறுப்பினர்களுக்கு இறங்காது. மூன்றாவது, இது இயல்பு மதிப்பு மட்டும்தான், வேலி அல்ல: உள்ளே வந்த யூசர் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டைத் தானே 0 ஆக்கிக்கொள்ளலாம். கூடவே, ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷன்களுக்கு மாற்றம் எட்டாது. பிஜிபவுன்சரில் சர்வர்_லைஃப்டைம் இயல்பாக 3600 செகண்ட், அதாவது ஒரு மணிநேரம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் அதன் அட்மின் கன்சோலில் ரீகனெக்ட் கொடுத்தால் போதும்.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் வைப்பது ரோலையும் வெல்லும். அப்ளிகேஷன்_நேமுக்கு அதுதான் சரியான இடம். மற்றவற்றை அங்கே வைத்தால் டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) கண்ணில் படாமல் என்விரான்மென்ட் வேரியபிளுக்குள் ஒளிந்துகொள்ளும். எனக்குப் பிடிக்காது.

கன்ஃபிக் கோப்பும் ஆல்டர் சிஸ்டமும் சர்வர் முழுமைக்கும். ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டை அங்கே வைக்க வேண்டாம் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது, ஏனென்றால் எல்லா செஷனையும் அது பிடிக்கும். குவெரி வேலைகளுக்கான மெமரி அளவைச் சொல்லும் ஒர்க்_மெம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இயல்பு 4 எம்பி, ஆனால் அது கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்ற கணக்கல்ல: ஒரே குவெரியில் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாக அவ்வளவு. ஹாஷுக்கு, 15-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அதைப்போல் இரு மடங்கு. ஒரு கனமான ரிப்போர்ட்டுக்காக இதை சர்வர் அளவில் 256 எம்பி ஆக்குவது, நெரிசல் நேரத்தில் மெமரி தீர்ந்து சர்வர் விழ நாமே வழிசெய்வது. அந்த ரிப்போர்ட்டின் டிரான்ஸாக்‌ஷனில் ஒரு செட் லோக்கல் போதும்.

மை எஸ்க்யூஎல்லிலிருந்து வருபவர்களுக்கு

மை எஸ்க்யூஎல்லிலும் செட் லோக்கல் உண்டு. ஆனால் அங்கே லோக்கல் என்றால் செஷன் என்பதற்கே மறுபெயர், டிரான்ஸாக்‌ஷன் முடிந்தாலும் மதிப்பு அப்படியே நிற்கும். ரோல்பேக் செய்தாலும் திரும்பாது. ஒரே எழுத்து, இரண்டு இடத்தில் இரண்டு பொருள் என்பதால் கோடைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது கண்ணில் படாமல் தப்பும். அங்கே போஸ்ட்கிரெஸ் செட் லோக்கலுக்கு நெருக்கமானது 8.0-இல் வந்த செட்_வார் ஹின்ட் (குவெரிக்குள்ளேயே எழுதும் குறிப்பு). ஒரே ஒரு ஸ்டேட்மென்டுக்கு மட்டும் மதிப்பை மாற்றித் தரும். இந்த ஒன்றில் மை எஸ்க்யூஎல் முந்தி நிற்கிறது என்றே சொல்வேன், எல்லா வேரியபிளுக்கும் செல்லாது என்றாலும். செட் குளோபல் புதிதாக வரும் கனெக்‌ஷன்களுக்குத்தான். போட்டவரின் செஷனையே அது தொடாது. ஒவ்வொரு கனெக்‌ஷன் திறக்கும்போதும் ஓடும் இனிட்_கனெக்ட்டை நம்புகிறவர்கள், அட்மின் உரிமை உள்ள யூசருக்கு அது ஓடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரூட்டில் சோதித்துப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவது அதனால்தான்.

போகிற போக்கில் நம்மூருக்கு ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸில் நேரத்தின் பின்னால் 'ஐஎஸ்டி' என்று எழுதினால் இயல்பாக அது இஸ்ரேல் நேரம். நம் கணக்கில் மூன்றரை மணிநேரம் பிசகும். டைம்ஸோன்_அப்ரிவியேஷன்ஸ் என்ற செட்டிங்கை 'இந்தியா' ஆக்கினால் சரியாகும். அதைவிட, அப்ரிவியேஷனே வேண்டாம் என்று 'ஏஷியா/கொல்கத்தா' எழுதுவது மேல். 'யூடிசி+5:30' என்றும் வைத்துவிடாதீர்கள், பாசிக்ஸ் (யூனிக்ஸ் தரநிலை) வழக்கப்படி அங்கே கூட்டல் என்றால் மேற்கு.

எந்த மதிப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்க்க பிஜி_செட்டிங்ஸ் வியூவில் சோர்ஸ் என்ற நெடுவரிசை இருக்கிறது. டிஃபால்ட், கன்ஃபிகரேஷன் ஃபைல், டேட்டாபேஸ், யூசர், டேட்டாபேஸ் யூசர், கிளையன்ட், செஷன் என்று ஒன்று காட்டும். செட்டையும் செட் லோக்கலையும் அது பிரித்துச் சொல்லாது, இரண்டுக்கும் செஷன்தான். ரோலுக்கும் டேட்டாபேஸுக்கும் யார் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் டிஆர்டிஎஸ் மொத்தமாகக் கொட்டிவிடும். பார்க்கும்போது உங்கள் யூசரில் அல்ல, அப்ளிகேஷன் நுழையும் அதே யூசரில், அதே பூலர் வழியாக நுழைந்து பாருங்கள்.