விளக்கை அணைக்கும் முன் மகளிடம் சொன்னார்கள்

என் மகளுக்கு 5 வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. காது மெஷின் போட்டிருந்தாலும், உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வாள். முதலில் கண் காட்டப் போன இடத்தில் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தார்கள். அலறிவிட்டாள். ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பினார்கள். இருட்டானால் அவளுக்கு யார் பேசுவதும் புரியாது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது போன குழந்தைகள் கண் பிரிவில், பரிசோதித்த பெண் முதலில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒரு தட்டு என்றால் மேலே பார், இரண்டு தட்டு என்றால் முடிந்தது. இதை வெளிச்சத்திலேயே விளையாட்டாகப் பழக்கிவிட்டு அப்புறம்தான் விளக்கை அணைத்தார். எழுத்துப் பலகையும் இல்லை. தூரத்தில் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படம் காட்ட, மடியிலிருந்த அட்டையில் அதே படத்தைத் தொட்டாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எப்போது நடக்க ஆரம்பித்தாள்?” ஒன்றே முக்கால் வயதில் என்றேன். கண்ணுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அஷர் என்று ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறதாம். அதன் முதல் வகையில் பிறவியிலேயே காது கேட்காது. உள்காதில் சமநிலையும் பாதிக்கப்படுவதால் நடை தாமதமாகும். பிறகு மாலைக்கண் வந்து, பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே போகும். சிறு வயதில் விழித்திரையை வெறுமனே பார்த்தால் தெரியாமல் போகலாம் என்று ஈ.ஆர்.ஜி. எடுத்தார்கள்; வெளிச்சம் பட்டால் விழித்திரையில் எழும் மின் அலையை அளக்கும் சோதனை அது. அதற்கு முன் 20 நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். என் மடியில், என் விரலைப் பிடித்தபடி இருந்தாள். அழவில்லை.

ஈ.ஆர்.ஜி. சரியாக இருந்தது. ஆனால் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் பிளஸ் 4.5 பவர், அதாவது கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கண் ரொம்பச் சிரமப்பட வேண்டும். ஒவ்வொரு உதட்டசைவுக்கும் கண்ணை எவ்வளவு வருத்தியிருப்பாள் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். வரிசையில் பெயரை ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுகிறார்கள். காது கேளாத அம்மா அப்பா வந்தால் என்ன செய்வார்கள்? ஒரு திரையில் எண்ணைக் காட்டினால் போதுமே.

கண்ணாடிப் பிரிவில் அவசரப்படுத்தவில்லை. காதுக்குப் பின்னால் மெஷின் உட்காரும் இடத்தில்தான் கண்ணாடியின் காலும் வர வேண்டும். மெல்லிய கால் உள்ள ஃபிரேமாகத் தேடி, மெஷினைப் போட்டபடியே வளைத்துப் பார்த்து, பின்னால் பட்டையும் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அங்கேதான் போகிறோம்.