நிறத்தைத் தாளிலேயே வாங்குங்கள்: காகிதக் கைவினைச் செலவு பற்றிய என் அனுபவம்

மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பல வருடங்களாகக் காகிதக் கைவினை செய்து வருகிறேன். குவில்லிங் (காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் வேலை) கோலம், தீபாவளிக்கு விளக்கு மாடம், பிள்ளைகள் கேட்கும் வீடு, கோபுரம் என்று எப்போதும் ஏதாவது ஒன்று மேசையில் இருக்கும். தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பட்டணம் இது. மணிலா அட்டையும் வெள்ளைத் தாளும் இங்கேயே கிடைக்கும். கெட்டியான வண்ணத் தாள் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஷோப்பி இணையக் கடையில் தருவிக்கவேண்டும். இதற்கு மாதம் 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் எடுப்பதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் நடத்திப் பார்த்ததில் ஒன்று நன்றாகத் தெரிந்தது: பணத்தை அதிகம் தின்பது பிரிண்டர் மைதான்.

கேனன் நிறுவனத்தின் கிரியேட்டிவ் பார்க் தளத்தில், அச்சடித்து வெட்டி ஒட்டும் காகித மாதிரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு வீட்டின் சிவப்புக் கூரை முழுப் பக்கத்தையும் நிரப்பினால், அந்தச் சிவப்புக்கு நாம் மையில் காசு கொடுக்கிறோம். அதோடு முடிவதில்லை. வீட்டுப் பிரிண்டரின் வண்ண மை வெள்ளைப் பசையின் ஈரம் பட்டால் கசியும். போட்டோஸ்டாட் கடையில் லேசரில் எடுத்தால் கசியாது. ஆனால் மடிக்கும் இடத்தில் தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நான் கூரைக்குச் சிவப்புத் தாளையே எடுத்து, வெட்டுக்கோட்டை மட்டும் கறுப்பில் அடிக்கிறேன். ஜன்னல், கதவை வேறு தாளில் வெட்டி மேலே ஒட்டுகிறேன். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் மடிப்பு எங்கும் வெளுக்காது. தாள் வாங்கும்போது ஓரத்தைச் சிறிது கிழித்துப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் இருந்தால் வாங்கலாம். சில தாள்களில் நிறம் மேலே மட்டும்தான் பூசியிருக்கும். வண்ண மையை அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். நாட்கணக்கில் ஓடாமல் கிடந்தால் பிரிண்டர் முனை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு சிறு பட்டை அடித்தால் போதும்.

தாளின் கனத்தைக் குறிக்கும் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் அதில் 16-ல் ஒரு பங்கு. ஆகவே 160 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 10 கிராம், 100 தாள் ஒரு கிலோ. கூரியர் கட்டணம் எடையைப் பார்த்து ஏறுவதால், கூடையை நிரப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவேன். பெட்டி, வீடு போன்றவற்றுக்கு 160 போதும். 230-ஐ அடித்தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குவில்லிங் பட்டைகளைக் கட்டாக வாங்குவதை நிறுத்தியதுதான் பெரிய மிச்சம். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் 5 மில்லிமீட்டராக வெட்டினால் 42 பட்டைகள் வரும். மூன்று தாளில் நூற்றுக்கு மேல் ஆகிவிடுகிறது. கடைப் பட்டையைவிட நீளம் குறைவுதான். பெரிய சுருளுக்கு இரண்டை ஒட்டிக்கொள்ளவேண்டும். கை கத்தியால் 42 பட்டையும் ஒரே அகலத்தில் வராது, நல்ல பேப்பர் கட்டர் வேண்டும். என் கணக்கில் காசு போட்டு வாங்கத் தகுந்த ஒரே பெரிய சாமான் அதுதான்.

கட்டர் கத்தியின் பிளேடில் மழுங்கிய நுனியை ஒடிக்க மனம் வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒசாகாவைச் சேர்ந்த ஒகாடா யோஷியோ 1956-ல் இந்தப் பிளேடை உருவாக்கியதே ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தத்தான். மழுங்கிய முனை தாளைப் பிய்த்துவிடும். ஒரு துண்டு பிளேடைவிடப் பாழாகும் தாளுக்கு விலை அதிகம். பசையைப் பெரிய போத்தலில் வாங்கி, ஊசிமுனைச் சிறு போத்தலில் ஊற்றிக்கொள்கிறேன். பாதிதான் செலவாகிறது, தாளும் சுருங்குவதில்லை. வெட்டும்போது அடியில் போடும் கட்டிங் மேட்டை வெயிலிலும் காருக்குள்ளும் வைக்காதீர்கள், வளைந்தால் மறுபடி நேராகாது.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது பொருந்தாது. அக்டோபர், நவம்பரில் மழை கனக்கும், தீபாவளி வேலையும் அப்போதுதான் குவியும். திறந்து வைத்த தாள் ஓரம் சுருண்டு, பிரிண்டரில் சிக்கும். போதாக்குறைக்குத் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வேறு. இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, தட்டையாக அடுக்கி வைக்கிறேன். அந்தப் பெட்டி கொள்ளும் அளவுக்கு மேல் வாங்குவதில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகள், தீபாவளி அங்பாவ் (பணம் வைத்துக் கொடுக்கும்) உறைகளைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பொன்னிற வேலைப்பாடு உள்ள அட்டையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வெகுநாள் ஆகிறது.

தானே வெட்டும் மெஷினைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மெஷின் விலையோடு செலவு நிற்காது. அதன் ஒட்டும் பாயும் பிளேடும் தேயத் தேய வாங்கவேண்டியவை. கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டியைச் செய்து விற்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் செய்கிற என்னைப் போன்றவர்கள் அந்தக் காசை நல்ல பேப்பர் கட்டரிலும் வண்ணத் தாளிலும் போடலாம்.