எல்டிசியா, விஐடிசியா: பிழையை ஒப்புக்கொள்வது எது?

பீட்டாகேம் எஸ்பி எனும் பழைய தொழில்முறை வீடியோ டேப்புகளை டிஜிட்டலாக மாற்ற உட்காரும்போது முதலில் வரும் கேள்வி இதுதான்: விடிஆரின் (வீடியோ டேப் ரெக்கார்டரின்) டைம்கோட் சுவிட்சை எல்டிசியில் வைப்பதா, விஐடிசியில் வைப்பதா? டைம்கோட் என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தரும் மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் எண். அதை டேப்பில் பதியும் இரண்டு முறைகள்தான் இவை.

எல்டிசி, டேப்பின் நீளவாக்கில் தனித் தடத்தில் பதிவாகும் ஒலி சிக்னல். ஃபிரேமுக்கு 80 பிட், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 2000 பிட். ஸ்பீக்கரில் விட்டால் கீச்சென்று காதைக் குடையும். டேப்பை வேகமாக ஓட்டித் தேடும்போது இதுதான் கைகொடுக்கும். ஆனால் டேப் நின்றுவிட்டால் ஹெட்டில் சிக்னலே வராது. காந்தப்புலம் மாறினால்தானே மின்னழுத்தம் பிறக்கும்?

விஐடிசி படத்தோடு படமாக, திரையில் தெரியாத வெர்டிகல் பிளாங்கிங் வரிகளில் உட்கார்ந்திருக்கிறது. டேப் நின்றாலும் ஹெட் டிரம் சுழல்வதால் எண் கிடைத்துக்கொண்டே இருக்கும். வேகமாக ஓட்டினால் படம் பட்டை பட்டையாக உடைகிற மாதிரி எண்ணும் உடைந்துவிடும்.

பிழை என்று வரும்போது விஐடிசி பக்கம்தான் நான். அதன் 90 பிட்டில் 8 பிட் சிஆர்சி, அதாவது பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண். எண் கெட்டிருந்தால் ரீடருக்கு உடனே தெரியும். ஒரே எண்ணை இரண்டு வரிகளில் எழுதுவதும் வழக்கம், ஒன்றில் டிராப்அவுட் (சிக்னல் விடுபட்ட இடம்) விழுந்தாலும் மற்றது காப்பாற்றும். எல்டிசியில் சிஆர்சி கிடையாது. ஃபிரேமின் எல்லையைக் காட்டும் 16 பிட் சிங்க் வேர்டு சரியாக வந்தால் போதும். நடுவில் ஒரு பிட் புரண்டதா என்பதை முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. டைம்கோட் கிடைக்காத இடத்தில் பல விடிஆர்கள் சிடிஎல் பல்ஸை (டேப் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தப் பதிந்திருக்கும் துடிப்புகளை) எண்ணித் தாமாகவே எண்ணை ஓட்டிக்கொண்டு போகும். ஒரு டேப்பில் 10:14:22:08 தாண்டியும் டிஸ்பிளே அழகாக ஓடியது. எடிட் லிஸ்டோடு (வெட்டுகளின் டைம்கோட் பட்டியலோடு) வைத்துப் பார்த்தபோதுதான் மூன்று ஃபிரேம் தள்ளியிருப்பது தெரிந்தது. அதனால் சுவிட்சைத் தேடும்போது ஆட்டோ (இரண்டில் கிடைப்பதை விடிஆரே எடுத்துக்கொள்ளும்), சரிபார்க்கும்போது கட்டாயம் விஐடிசி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் முரண்பட்டால், எல்டிசியை யாரோ பிறகு மாற்றி எழுதியிருக்கலாம். படத்தைத் தொடாமல் விஐடிசியை மாற்ற முடியாது.

சரி, டிஜிட்டல் வீடியோவைக் கடத்தும் எஸ்டிஐ கேபிளுக்குள் சிக்னல் போன பிறகு பிழையைச் சொல்வது எது? எஸ்டியில் (பழைய சாதாரணத் தெளிவு வீடியோவில்) இடிஹெச் எனும் பிழை கண்டறியும் முறை, எச்டியில் வரிக்கு வரி சிஆர்சி. எச்டி சிஆர்சி லூமாவுக்கும் (ஒளிர்வு) குரோமாவுக்கும் (நிறம்) தனித்தனி. எந்த வரியில் பிழை என்றே சொல்லிவிடும். இடிஹெச் வரிக்கு வரி இல்லை, ஃபீல்டு (அரை ஃபிரேம்) அளவில்தான் கணக்கு. ஆனால் பிழை இங்கே நேர்ந்ததா, முன்பே வந்ததா என்று பிரித்துச் சொல்லும் கொடிகள் அதில் உண்டு. எச்டியில் ஒவ்வொரு கருவியும் சிஆர்சியைப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்பிவிடுவதால், கடைசியில் வைத்த மானிட்டர் கடைசிக் கேபிளுக்கு மட்டும்தான் சாட்சி. ஃபிரேம் சிங்க்ரனைசருக்கு (சிக்னலின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கருவிக்கு) முன்னாலும் மானிட்டரை ஒரு தடவை செருகிப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரே ஒரு சிஆர்சி பிழை வந்தாலும் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுவேன். படம் அப்போது பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் இன்னும் சில மீட்டர் கூடினால் மொத்தமாகப் போய்விடும்.