சத்தத்தைக் கேட்காமலே 25,252 ரூபாய் பில்: சின்ன கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"டிக்கியில் தேங்காய் ஏதாவது உருள்கிறதா பார்" என்று அம்மா சொன்ன அன்றே நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. திறந்து பார்த்தேன். தேங்காய் இல்லை. மூடிவிட்டேன். அந்த அரை நிமிட அலட்சியத்துக்குக் கொடுத்த விலை 25,252 ரூபாய்.

சர்வீஸ் சென்டரின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு வாசலை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்த வாசலில் இதே மாதிரி ஏமாறுவீர்கள். எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே போனாலும் உதவும்.

என்னுடையது ஆறு வருடம் ஓடிய சின்ன கார். அந்த நிறுவனத்தின் விலைப் பட்டியலில் கடைசி வரியில் இருக்கும் மாடல், அதிலும் அடிமட்ட வேரியண்ட். வீடு ஸ்ரீரங்கத்தில். அம்மாவுக்கு 76 வயது. இடுப்பு வலிக்காக வாரம் இரண்டு முறை தில்லைநகரில் பிசியோதெரபி. அம்மா மண்டபம் சாலை, மாம்பழச் சாலை, காவிரிப் பாலம் என்று போய் வருவோம். 1976இல் கட்டிய அந்தப் பாலத்தின் இணைப்புகள் ஒரு காலத்தில் எந்தக் காரையும் கதற வைக்கும். 2022இல் பாலத்தை மூடி, அடுத்த ஆண்டு சரிசெய்து திறந்த பிறகு அந்தக் குறை இல்லை. அதனால்தான் பாலத்தின் மேல் போகும்போது பின்னாலிருந்து "டொக்... டொக்" என்று கேட்டதும், இது பாலத்தின் சத்தம் இல்லை, காரின் சத்தம் என்று உடனே தெரிந்தது.

வழக்கமான வருடாந்திர சர்வீஸ் முடித்து கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. இந்த "மூன்றாம் நாள்" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சத்தம் மட்டும் இல்லை. கார் திடீரென்று விறைத்துப்போன மாதிரி இருந்தது. முன்பெல்லாம் தெரியாமலே கடந்துபோன தார் ஒட்டுகள் எல்லாம் இப்போது ஸ்டியரிங்கில் வந்து தட்டின. "கட்டை வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது" என்றார் அம்மா. பிசியோதெரபியில் சரியான இடுப்பு வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும்.

இந்த இடத்தில் காருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். சின்ன கார் என்றால் குலுங்கத்தான் செய்யும். காரின் எடையே சுமார் 800 கிலோ. ஐந்து பேரும் பைகளும் ஏறினால் அதில் பாதியை நெருங்கும் சுமை கூடுகிறது. அந்தச் சுமைக்கும் அடி தட்டாமல் இருக்கவேண்டும் என்பதால் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைக்கிறார்கள். ஒருவர் இருவர் போகும்போது அந்தக் கெட்டித்தனம் நம் முதுகில் தெரிகிறது. சின்னச் சக்கரம் என்பதால் குழிக்குள் ஆழமாக இறங்கி ஏறும். விலை குறைவு என்பதால் கதவுக்குள்ளும் தரைக்கு அடியிலும் சத்தத்தை உறிஞ்சும் பொருள் பெயருக்குத்தான் இருக்கும். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து கிறீச்சிடும். இவையெல்லாம் பிறவிக் குணம், மருந்து கிடையாது. ஆனால் நேற்று வரை இல்லாத சத்தம் இன்று வந்தால் அது பிறவிக் குணம் இல்லை. இந்த வித்தியாசத்தை நாம் தெளிவாகச் சொல்லாவிட்டால், சர்வீஸ் அட்வைசர் தனக்கு வசதியான பக்கம் சாய்த்துக்கொள்வார். வாரண்டி இருந்தால் "சார், சின்ன கார் அப்படித்தான் இருக்கும்". வாரண்டி முடிந்திருந்தால் "சார், சஸ்பென்ஷன் முழுதாகப் போய்விட்டது".

எனக்கு வாரண்டி முடிந்திருந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போன அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சத்தத்தைச் சொன்னேன். அட்வைசர் டேப்லெட்டில் எதையோ தட்டினார். "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறீர்களா, வெளியிலேயே வேகத்தடை இருக்கிறது" என்றேன். "ராம்பில் ஏற்றினாலே தெரிந்துவிடும் சார்" என்றார். ராம்பில் ஏற்றினார்கள். கீழே நின்ற பையன் முன் சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினான். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் எஸ்டிமேட் வந்தது. முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) இரண்டு, அதை மேலே பாடியோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் இரண்டு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டெபிலைசர் லிங்க் ஒரு செட், சத்தம் குறைய அடிப்பாகத்துக்குக் கோட்டிங்.

"சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று அம்மா சொல்கிறார்களே?"

"முன்னால் அடிக்கிற சத்தம் பாடி வழியாகப் பின்னால் கேட்கும் சார். பெரியவர்களுக்கு அது தெரியாது."

கேட்க அறிவியல் மாதிரி இருந்தது. சத்தம் இடம் மாறிக் கேட்பது உண்மையும்கூட. அதனால் தலையாட்டிவிட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி காரில் ஏறி உட்கார்ந்து கேட்பதுதான். அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே மருந்துச் சீட்டு எழுதினார்கள், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பில்: ஸ்ட்ரட் 5,700, மவுண்ட் 1,560, லோயர் ஆர்ம் 3,800, ஸ்டெபிலைசர் லிங்க் 1,240, கோட்டிங் 4,500, கூலி 4,600. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பழைய பாகங்களைக் கேட்டேன். "ஸ்கிராப் வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது சார்" என்றார். காலையில் விட்ட கார், சாயங்காலம் எடுக்கிறேன். அதற்குள் ஸ்கிராப் வண்டி வந்து போயிருக்கிறது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

வாசலைத் தாண்டி முதல் வேகத்தடையில் இறங்கினேன். டொக்.

திரும்பப் போனேன். "புது பாகம் செட்டாக ஐநூறு கிலோமீட்டர் ஆகும்" என்றார்கள். ஓட்டினேன். ஐநூறு தாண்டியும் டொக். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் திருவானைக்காவல் பக்கம் ஒரு பட்டறையைச் சொன்னார். வேப்பமரத்தடி, தகரக் கூரை, ஒரு மெக்கானிக், ஒரு பையன். அம்மாவும் காரில் இருந்தார்.

மெக்கானிக் பானட்டைத் திறக்கவில்லை. பின் சீட்டில் அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்கள் சார்" என்றார். ஒரே ஒரு வேகத்தடை.

"எங்கே கேட்கிறது அம்மா?"

"என் முதுகுக்குப் பின்னால், தம்பி. முதல் நாளிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்."

இறங்கி டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கினார், அடியில் இருந்த அட்டைத் தட்டையும் தூக்கினார். ஸ்டெப்னியை அழுத்திப் பிடிக்கவேண்டிய பெரிய திருகு பாதி மரையோடு நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தை ஒரு விரலால் தூக்கிவிட்டார், டொக் என்று விழுந்தது. அதே சத்தம். பக்கத்தில் ஜாக்கி தன் பள்ளத்தில் இல்லாமல் சரிந்து கிடந்தது. நாற்பது நாளாக அது உரசிய இடத்தில் பெயின்ட் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகரம் தெரிந்தது. கடைசியாக ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டியது யார் என்று கேட்டார். அப்போதுதான் அந்த மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. வருடாந்திர சர்வீஸில் சக்கரங்களை இடம் மாற்றியவர்கள் அவர்கள்தான். திருகை முடுக்காமல் விட்டவர்களும் அவர்கள்தான். தாங்கள் வைத்த சத்தத்துக்குத் தாங்களே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

திருகை முடுக்கி, ஜாக்கியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பள்ளத்தில் செருகினார். பிறகு கேஜை எடுத்து டயர் காற்றைப் பார்த்தார். நான்கிலும் 44 பிஎஸ்ஐ. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 30 என்று இருக்கிறது. கட்டை வண்டிக்குக் காரணம் அதுதான். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அதைக் கல்லாக்கிவிட்டால் ஸ்ட்ரட்டை எத்தனை தடவை மாற்றினாலும் மேலே உட்கார்ந்திருப்பவர் குலுங்கத்தான் செய்வார். பிரேக் பிடிக்கும்போது ரோட்டைக் கவ்வும் பரப்பும் குறைகிறது, டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. காற்றைப் பார்ப்பதென்றால் காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று இருக்கும் என்று பங்க்கில் சொல்வதையும் நம்பவேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

மொத்தம் 150 ரூபாய் கேட்டார். திரும்பும் வழியில் பாலத்தைக் கடந்ததே தெரியவில்லை என்றார் அம்மா.

அதோடு விட்டிருந்தால் முட்டாள்தனத்துக்குக் கொடுத்த தண்டம் என்று எழுதி மூடியிருப்பேன். மறுநாள் பில்லை எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போனேன். படித்துக்கொண்டே வந்தவர் ஸ்டெபிலைசர் லிங்க் வரியில் நின்று சிரித்துவிட்டார். "சார், உங்கள் காரில் ஸ்டெபிலைசர் பாரே கிடையாதே. லிங்க்கை எங்கே மாட்டினார்கள், சாமி படத்துக்கா?" கார் வளைவில் சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி அது. விலை குறைவான பல வேரியண்ட்களில் அதை வைப்பதில்லை. என்னுடையதிலும் இல்லை. இல்லாத கம்பிக்கு 1,240 ரூபாய்க்கு லிங்க் மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு முன் சக்கரங்களைக் கழற்றினார். வலது ஸ்ட்ரட் புதிது, கறுப்பு மினுமினுத்தது. இடது பக்கம் ஆறு வருடச் சேறு. ஸ்ட்ரட்டைக் கீழே பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் தலையில் துரு உடையாமல் அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்குப் பணம் வாங்கி ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். "ஸ்ட்ரட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் செய்தே ஆகவேண்டும். பில்லில் அது இல்லையே, அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது" என்றார். லோயர் ஆர்ம் இரண்டும் புதிதுதான். ஆனால் பழையது மாற்றவேண்டிய நிலையில் இருந்ததா என்பதை ஸ்கிராப் வண்டிதான் சொல்லவேண்டும். அடியில் அடித்த கோட்டிங், தண்ணீர் வடிவதற்காக வைத்திருக்கும் ஓட்டைகளில் இரண்டை அடைத்திருந்தது. கம்பியால் குத்தித் திறந்துவிட்டார். விட்டிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடித்திருக்கும்.

துரு பிடித்த போல்ட்டையும் புதிய ஸ்ட்ரட்டையும் நம்பர் பிளேட் தெரியும்படி அங்கேயே படமெடுத்தேன். மேலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், பில் நகல், படங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரியில் எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. "டெக்னீஷியன் தவறு" என்றார்கள். இடது ஸ்ட்ரட், இடது மவுண்ட், லிங்க், அவற்றுக்கான வரி என்று 5,747 ரூபாய் திரும்ப வந்தது. கூலியில் பைசா குறைக்கவில்லை. கோட்டிங்குக்கும் லோயர் ஆர்முக்கும் "நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். போட்டிருக்கிறேன்தான். செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் மாட்டிக்கொள்கிறது. தேவையில்லாமல் செய்த வேலைக்கு வாங்கிய பணம் தப்பித்துவிடுகிறது. அதற்குச் சாட்சி பழைய பாகம் ஒன்றுதான்.

ஆகவே காரை விடும்போதே, பழைய பாகங்களும் புதிய பாகம் வந்த அட்டைப் பெட்டியும் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில், அதாவது நம் புகாரை அவர்கள் குறித்துக்கொள்ளும் சீட்டில், எழுதவையுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. அதன் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். புகாரை "சஸ்பென்ஷன் சத்தம்" என்று அட்வைசர் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகத்தடையில் இறங்கும்போது, பின்பக்கம், இந்தத் தேதியிலிருந்து என்று நம் வார்த்தையிலேயே இருக்கட்டும். அவர் காரில் ஏறி அந்தச் சத்தத்தைக் காதால் கேட்காதவரை எஸ்டிமேட்டில் கையெழுத்து வேண்டாம்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே காரைக் காலி செய்து பாருங்கள். டாஷ்போர்டு அறை, கதவுப் பை, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஒரு சுற்று. பின் சீட்டில் ஆளில்லாதபோது சீட் பெல்ட் கொக்கிகூடத் தூணில் தட்டும். நம்பர் பிளேட் திருகு தளர்ந்தாலும் சஸ்பென்ஷன் மாதிரியே கேட்கும். ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகம் என்றால் காரின் அந்த மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் பெரும்பாலும் சரி. ஊஞ்சல் மாதிரி ஆடினாலோ, அதன் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தாலோ மாற்றவேண்டியதுதான்.

எனக்கு இப்போது இன்னொரு செலவு பாக்கி. வலது புதிது, இடது பழையது என்று ஓட்டக்கூடாது, ஸ்ட்ரட்டை ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். அடுத்த மாதம் வேப்பமரத்தடியில்.

உங்களிடமும் சின்ன காரின் அடிமட்ட வேரியண்ட் இருந்தால் பழைய சர்வீஸ் பில்களை எடுத்து ஸ்டெபிலைசர் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். ஸ்ட்ரட்டிலிருந்தோ லோயர் ஆர்மிலிருந்தோ குறுக்குக் கம்பிக்குப் போகும் விரல் பருமன் இணைப்பு தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரையான தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.