வீட்டு இசைச் சர்வர்: நாவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ் – எதை நிறுவுவது?

பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடல்களை வீட்டுக் கணினி ஒன்றில் வைத்துக்கொண்டு, எங்கிருந்தாலும் கைப்பேசியில் கேட்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் முன் இன்று பெரும்பாலும் வந்து நிற்கும் சர்வர் மென்பொருள்கள் மூன்று: நாவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ். கோப்பை அதன் மூல வடிவத்திலேயே அனுப்புவது, இணைய வேகம் குறைந்த இடத்தில் அதைச் சுருக்கி அனுப்புவது ஆகிய அடிப்படை வேலைகளை மூன்றுமே நன்றாகச் செய்கின்றன. ஆகவே வசதிப் பட்டியலை வைத்துக்கொண்டு எதில் எது உண்டு என்று சரிபார்ப்பதால் தெளிவு பிறக்காது. உங்கள் பாடல் கோப்புகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த மூன்றும் அதிகமாக வேறுபடுவதும் அங்கேதான்.

நாவிட்ரோம் கோப்புறைகளின் அமைப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பொதிந்திருக்கும் டேக்குகளை, அதாவது பாடல், ஆல்பம், கலைஞர் பெயர் போன்ற குறிப்புகளை மட்டுமே படித்து, அவற்றிலிருந்து ஆல்பங்களையும் கலைஞர்களையும் உருவாக்குகிறது. டேக்குகள் சீராக இருந்தால் இது பெரும் வசதி; இல்லையென்றால் முதல் நாளே சலிப்பு வந்துவிடும். பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஓர் ஆல்பத்தில் ஒவ்வொரு பாடலையும் வெவ்வேறு பாடகர் பாடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற டேக் காலியாக இருந்து, அது தொகுப்பு ஆல்பம் என்ற குறியும் இல்லாவிட்டால், அந்த ஒரே ஆல்பம் பன்னிரண்டு துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொரு பாடகர் பெயரின் கீழும் ஒரு பாடலாகத் தோன்றும். சர்வரில் கோளாறு என்று பலர் நினைப்பது இதைத்தான். பன்னிரண்டு கோப்புகளிலும் அந்த ஒரு டேக்கில் இசையமைப்பாளரின் பெயரையோ ‘பல கலைஞர்கள்’ என்பதையோ ஒரே மாதிரி எழுதிவிட்டு, சர்வரைக் கோப்புகளை மறுபடி படிக்க (ஸ்கேன்) வைத்தால் துண்டுகள் ஒன்றுசேர்ந்துவிடும்.

ஜெல்லிஃபினுக்கு டேக் மட்டும் போதாது; ஒரு கோப்புறை என்றால் ஓர் ஆல்பம் என்ற ஒழுங்கையும் அது எதிர்பார்க்கிறது. எல்லாப் பாடல்களையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது சரிவராது. பிளெக்ஸும் கலைஞர், ஆல்பம் என்று அடுக்கப்பட்ட கோப்புறைகளையே விரும்புகிறது. கூடவே ஆல்பங்களைத் தன் இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் படங்களையும் விவரங்களையும் தானே நிரப்புகிறது. பரவலாக அறியப்பட்ட ஆல்பங்களில் இது அழகாக அமைகிறது. அரிய பதிவுகளில் தவறான பொருத்தம் நிகழலாம் என்பதால், கோப்பிலுள்ள டேக்குகளுக்கே முன்னுரிமை தரச் சொல்லும் அமைப்பை இயக்கிவிடுவது நல்லது. டேக்குகள் மோசமாகவும் கோப்புறைகள் கச்சிதமாகவும் இருப்பவர்கள் நான்காவதாகக் கோனிக் என்ற சிறிய சர்வரைப் பார்க்கலாம். அதில் கோப்புறை மரத்தை அப்படியே உலாவ முடியும்; ஆனால் உலாவியில் பாட்டுக் கேட்கும் பக்கம் கிடையாது, செயலி வழியாக மட்டுமே கேட்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு டேக்குகளைச் செப்பனிடச் செலவிடும் நேரம் வீண்போகாது. அந்தத் திருத்தம் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுவதால், நாளை சர்வரை மாற்றினாலும் கூடவே வரும்.

அடுத்தது கைப்பேசிச் செயலி. நாள்தோறும் நம் கண்ணில் படுவது சர்வர் அல்ல, செயலிதான். நாவிட்ரோமின் பெரிய பலம் இங்கே இருக்கிறது. சப்சோனிக் என்ற பழைய இசைச் சர்வர் 2016-இல் திறமூல உரிமத்தை, அதாவது நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைக் கைவிட்டது. ஆனால் செயலிகள் அதனுடன் பேசுவதற்கு வகுக்கப்பட்ட ஏபிஐ என்ற விதிமுறை பொதுவழக்காக நிலைத்துவிட்டது. நாவிட்ரோம், கோனிக் உட்படப் பல சர்வர்கள் அதையே பின்பற்றுவதால், ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பெர்ஃபி, கணினியில் ஃபெய்ஷின் என்று ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் எழுதிய செயலிகள் அனைத்தும் இவற்றோடு இயங்குகின்றன. ஒரு செயலி பிடிக்கவில்லையென்றால் அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். சர்வரைத் தொட வேண்டியதில்லை. ஜெல்லிஃபினுக்கு ஃபின்ஆம்ப் என்ற இசைக்கான தனிச் செயலி உண்டு; சிம்ஃபோனியமும் ஃபெய்ஷினும் ஜெல்லிஃபினுடனும் இணையும்.

கேட்கும் அனுபவத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பிளெக்ஸின் பிளெக்ஸ்ஆம்ப் செயலிக்கே முதலிடம் தருவேன். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே இடைவெளி விழாமல் இசைப்பது, ஒலியளவைச் சமன்செய்வது, ஒலியின் தன்மையை ஆராய்ந்து அதைப் போன்ற பாடல்களைத் தேடித் தருவது ஆகியவற்றில் நேர்த்தியான உழைப்பு தெரிகிறது. ஆயினும் ஒலி ஆராய்ச்சி வசதிக்குக் கட்டணச் சந்தா தேவை; பயனர் கணக்கும் அந்நிறுவனத்தின் சர்வர் வழியாகவே சரிபார்க்கப்படுகிறது. வெளியிலிருந்து வீட்டுச் சர்வரின் காணொளியைப் பார்ப்பதற்கு 2025-இல் கட்டணம் விதிக்கப்பட்டது. இசைக்கு அந்தக் கட்டணம் இல்லை என்றாலும், அந்த எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல. எம்பி என்ற மீடியா சர்வர் 2018-இல் மூல நிரலை மூடியபோது, முன்பு வெளியான நிரலை எடுத்துச் சிலர் தொடர்ந்ததால் பிறந்ததுதான் ஜெல்லிஃபின். நாவிட்ரோமும் ஜெல்லிஃபினும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருப்பதால், நாளை அவற்றை உருவாக்குபவர்கள் மனம் மாறினாலும் இதுவரை வெளியான நிரல் எல்லோர் கையிலும் இருக்கும். இருபது ஆண்டுச் சேகரிப்பை ஒப்படைக்கும்போது இந்த உறுதிக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன்.

கணினியின் திறனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட நாவிட்ரோம், ராஸ்பெரி பை ஜீரோ என்ற சிறு கணினி போன்ற மிக எளிய கருவியிலும் ஓடும். ஜெல்லிஃபின் காணொளியையும் கையாளும் பெரிய மென்பொருள் என்பதால் கூடுதல் நினைவகம் கேட்கும். இசைக்கு வேண்டிய சுருக்கும் வேலை எந்தக் கணினிக்கும் பாரமில்லை, பலனோ பெரிது. நொடிக்குச் சுமார் 900 கிலோபிட் அளவுள்ள, தரம் குறையாத ஃபிளாக் வடிவக் கோப்பில் 5 நிமிடப் பாடல் ஏறக்குறைய 34 மெகாபைட் பிடிக்கும். அதையே 128 கிலோபிட் அளவில், ஓபஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் அனுப்பினால் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டு வைஃபையில் மூல வடிவம், வெளியே மொபைல் டேட்டாவில் ஓபஸ் என்று செயலியில் பிரித்து அமைத்துக்கொள்ளுங்கள்.

நாவிட்ரோமைத் தேர்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சப்சோனிக் ஏபிஐயில் கடவுச்சொல்லோடு ஒரு சீரற்ற எழுத்துத்தொடரைச் சேர்த்து எம்டி5 என்ற கணக்கீட்டு முறையில் உருவாக்கிய டோக்கனை, அதாவது அடையாளக் குறியைச் செயலி அனுப்புகிறது. அதைச் சரிபார்க்கச் சர்வருக்கு மூலக் கடவுச்சொல் தேவைப்படுவதால், அது மீட்டெடுக்கக்கூடிய குறியாக்கத்தில் சேமிக்கப்படுகிறது. வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை இங்கே வையுங்கள். வெளியிலிருந்து அணுக, ரவுட்டரில் சர்வரின் போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்துக்குத் திறந்துவிடுவதைவிட டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் (தனியார் வலையிணைப்பு) வழியாக இணைவதே பாதுகாப்பு. இணைய நிறுவனம் தனிப் பொது ஐபி முகவரி தராத இணைப்புகளிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.

இசைக்கு மட்டும் என்றால் என் தேர்வு நாவிட்ரோம். திரைப்படங்களுக்காக ஏற்கெனவே ஜெல்லிஃபின் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், கோப்புறைகளும் ஒழுங்காக இருந்தால், அதிலேயே இசை நூலகம் ஒன்றைச் சேர்ப்பது போதும். இன்னும் தயக்கம் இருந்தால், பாடல் கோப்புறையை வாசிக்க மட்டுமே அனுமதி தந்து இவை இரண்டையும் ஒரே கணினியில் நிறுவுங்கள். நாவிட்ரோம் 4533, ஜெல்லிஃபின் 8096 என்று இயல்பாகவே வெவ்வேறு போர்ட்டுகளில் இயங்குவதால் மோதல் வராது. ஆனால் விருப்பக்குறிகளும், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் அந்தந்தச் சர்வரின் தரவுத்தளத்தில் இருப்பவை, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாமாக வராதவை. எதில் தங்குவது என்று தெரியும்வரை பாடல்களுக்கு விருப்பக்குறி இடுவதைத் தள்ளிப்போடுங்கள்.